காலை 9 மணிக்கு ஐயர் காட்டிய அருந்ததி எங்கே நின்றது?

பனங்கூடல் எழுதியது:

போன கிழமை தங்கச்சியின் கலியாணம். நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபம், வைகாசி முகூர்த்தம், காலை 9 மணியை ஒட்டித் தாலி ஏறியது. அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் பொம்பிளை மாப்பிள்ளையை வடக்கு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கையை உயர்த்தி, "அதோ அருந்ததி, பார்த்துக் கும்பிடுங்கோ" என்றார். அந்தத் திசையில் இருந்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் அதன்மேல் ஒரு காகமும். இரண்டு பேரும் பயபக்தியாகக் கும்பிட்டார்கள். வீடியோக்காரத் தம்பி திருப்தியில்லாமல் இன்னொரு தடவை கும்பிடச் சொன்னான். அக்காவின் மகனுக்கு எட்டு வயது. என் வேட்டியை இழுத்து, "மாமா, ஏன் காகத்தைக் கும்பிடுகினம்?" என்று கேட்டான்.

பின்னேரம் குடும்ப வட்சப்பில் யாரோ ஒரு செய்தி போட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மற்ற இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று நிற்க மற்றது சுற்றும். அருந்ததியும் வசிட்டரும் மட்டும்தான் சரிசமமாக ஒன்றையொன்று சுற்றிவருகிறார்கள். நம் முன்னோர் இதை ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முன்பே கண்டு மணமக்களுக்குக் காட்டினார்கள்." கீழே இருபது கைகூப்பல்கள்.

இது எவ்வளவு உண்மை? அதோடு, இப்போது யாழ்ப்பாணத்தில் நின்று அருந்ததியை வெறுங்கண்ணால் பார்க்கலாமா? மருமகனுக்குக் காட்டாமல் அவன் என்னை விடமாட்டான்.

சுன்னாகம் ரீச்சர் எழுதியது:

தம்பி, காட்டுவது சுலபம். வைகாசிதான் அதற்கு நல்ல மாதம். இரவு 9 மணிபோல வடக்கே பார்த்து நின்று தலையைப் பாதி தூரம் நிமிர்த்துங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பை மாதிரித் தெரியும். அகப்பையின் குழி இடப்பக்கம், காம்பு வலப்பக்கம். காம்பு நுனியில் இருப்பவர் மரீசி, அவருக்கு அடுத்தவர் வசிட்டர். வசிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு மங்கல் பொட்டு இருக்கும், அதுதான் அருந்ததி. வசிட்டரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மங்கல். இரண்டுக்கும் இடைவெளி முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் நல்ல கண் பிரித்துவிடும். அரபு நாட்டில் பழைய காலத்தில் இதைக் கண் பரிசோதனையாகவே வைத்திருந்தார்கள்.

துருவ நட்சத்திரத்தைப் பிடித்துத் தேடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பாகை உயரத்துக்குள்தான் நிற்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் அவ்வளவு. பாதி வளவுகளில் பனை வட்டுக்குப் பின்னால் போய்விடும்.

ஐயர் விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி நடுப்பகுதி, காலை 9 மணி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அருந்ததி சரியாக வடக்கேதான். ஆனால் வானத்தில் இல்லை, தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 25 பாகையில். தங்கச்சி நின்ற நிலத்துக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிநேரம் கழித்து, இரவு 9 மணிக்கு, அதே வடக்கில் 45 பாகை உயரத்தில், அன்றைய உச்சியில் நின்றிருக்கும். திசையில் ஐயர் பிழை விடவில்லை.

தை மாதக் காலை முகூர்த்தம் என்றால் கதை வேறு. 9 மணிக்கு வடமேற்கு வானத்தில் இருபது முப்பது பாகை அளவில் உண்மையாகவே நிற்கும். வெயில் வெளிச்சத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

தொண்டைமானாற்றான் எழுதியது:

எங்கள் பக்கம் வாருங்கள். வடக்கே முழுக்கக் கடல், மறைக்க ஒன்றுமில்லை. மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கரைச்சல். காரைநகர் கசூரினாவும் வடக்குப் பார்த்த கரைதான், ஆனால் சனி ஞாயிறு சனம் போன் ரோச்சைக் கண்ணுக்குள் அடிப்பார்கள்.

ஸ்காபரோ சித்தப்பா எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் அந்தச் செய்தியை ஏன் எல்லாரும் நக்கலாகப் பார்க்கிறீர்கள்? வெள்ளைக்காரன் தொலைநோக்கி கண்டுபிடித்தது 400 வருஷத்துக்கு முன்னர். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் ஆட்கள் இரண்டு நட்சத்திரத்தைச் சோடியாகப் பார்த்து, கணவன் மனைவி என்று பெயர் வைத்தார்களா இல்லையா? ஒன்றுமே தெரியாமலா வைத்தார்கள்? நான் இங்கே பிள்ளைகளுக்கு எங்கள் சடங்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லித்தான் வளர்க்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு அம்மியும் வேண்டாம் அருந்ததியும் வேண்டாம் என்று பதிவுத் திருமணத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆடுமுக்காலி எழுதியது:

சித்தப்பா, கோபிக்காமல் கேளுங்கள். என்னிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. இணையத்தில் வாங்கினேன், குழாய் நல்லது, முக்காலி காற்றுக்கே ஆடும். என் பெயருக்குக் காரணம் அதுதான். நான் அதிகம் பார்த்த பொருள் சந்திரனுக்கு அடுத்தபடி இந்தச் சோடிதான்.

செய்தியில் "மற்றவற்றில் ஒன்று நிற்கும்" என்று வருகிறதே, அந்த இடத்திலேயே அது விழுந்துவிடுகிறது. எந்த இரட்டை நட்சத்திரத்திலும் ஒன்று அசையாமல் நிற்காது. இரண்டும் சேர்ந்து தங்கள் பொது நிறை மையத்தைச் சுற்றும். பாரமானது சின்ன வட்டம் போடும், இலேசானது பெரிய வட்டம் போடும். சீசோவில் தகப்பனும் பிள்ளையும் இருந்தால் நடுக்கட்டை தகப்பன் பக்கம் தள்ளி இருக்க வேண்டுமே, அதே கணக்கு. ஆகவே "இருவரும் சுற்றுகிறார்கள்" என்பது அருந்ததிக்கு மட்டும் உரிய பெருமை இல்லை.

வசிட்டரும் அருந்ததியும் எங்களிடமிருந்து ஏறத்தாழ 83 ஒளியாண்டு தூரம், அதாவது அங்கிருந்து ஒளி வந்துசேரவே 83 வருஷம். கண்ணுக்கு ஒட்டினாற்போல் தெரிந்தாலும், வானத்தில் தெரியும் இடைவெளியை மட்டும் வைத்துப் பார்த்தாலே பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 17,000 மடங்குக்கு மேல். முன்பின்னாகவும் விலகி நிற்பதால் உண்மை இடைவெளி இன்னும் கூட. அப்படி நிற்கும் இரண்டு ஒருமுறை சுற்றிவரப் பல லட்சம் ஆண்டு வேண்டும். மனித இனமே வந்து எவ்வளவு காலம்? அந்தச் சுற்றைக் கண்ணால் பார்த்து அறிய யாருக்கும் வழியில்லை, எங்களுக்கும் இல்லை, வெள்ளைக்காரனுக்கும் இல்லை.

ஆனால் உண்மைக் கதை அந்தச் செய்தியைவிட ருசியானது. 1617இல் இத்தாலியில் பெனெதெத்தோ கஸ்தெல்லி, கலிலியோவின் மாணவர், தொலைநோக்கியில் பார்த்தபோது வசிட்டரே இரண்டாகத் தெரிந்தார். 1857இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜோர்ஜ் பொண்ட் அவரைப் படம் எடுத்தார், முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்ட இரட்டை நட்சத்திரம் இதுதான். பிறகு 1889இல் அதே இடத்தில் எட்வர்ட் பிக்கரிங், அந்த இரண்டில் பிரகாசமானதும் தனி ஆள் இல்லை, இரண்டு பேர் என்று அறிவித்தார்.

அதை எந்தத் தொலைநோக்கியிலும் பிரித்துப் பார்த்துச் சொல்லவில்லை. கொடிகாமம் கடவையில் நின்று யாழ்தேவியின் கூவலைக் கேட்டிருப்பீர்கள். கிட்ட வரும்போது ஒரு சுருதி, கடந்து போகும்போது இறங்கின சுருதி. ஒளிக்கும் அதேதான் நடக்கும். வசிட்டரின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் தெரியும். சில நாள் ஒற்றைக் கோடு, சில நாள் அதே கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒருவர் எங்களை நோக்கி வருகிறார், மற்றவர் விலகிப் போகிறார் என்பதுதான் அதன் பொருள். இந்த முறையில் அகப்பட்ட முதல் இரட்டை நட்சத்திரம் வசிட்டர்தான். அந்த நிறமாலைகளைப் படம் பிடித்த தகடுகளோடு கிடந்து உழைத்தவர்களில் அன்ரோனியா மோரி என்ற பெண் ஒருவர்.

சித்தப்பா, இங்கேதான் கவனியுங்கள். அந்த இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிறை. ஒவ்வொன்றும் சூரியனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். புதன் சூரியனுக்குக் கிட்ட நிற்பதைவிடக் கிட்ட நின்றுகொண்டு, இருபதரை நாளுக்கு ஒருமுறை சரிசமமாக ஒன்றையொன்று சுற்றுகிறார்கள். வட்சப் செய்தி சொல்லும் அந்தச் சமத்துவச் சோடி வானத்தில் இருக்கிறது. ஆனால் அது வசிட்டரும் அருந்ததியும் இல்லை, வசிட்டருக்கு உள்ளேயே இருக்கிற இரண்டு பேர்.

வசிட்டரின் மங்கலான பாதியும் இரட்டை, சுற்றக் கிட்டத்தட்ட 175 நாள். ஆக வசிட்டர் மட்டும் நாலு. 2009இல் அருந்ததிக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புக் குள்ளன், அதாவது மங்கலான சின்ன நட்சத்திரம், இருப்பதைக் கண்டார்கள். மொத்தம் ஆறு.

சுன்னாகம் ரீச்சர் எழுதியது:

அருந்ததிக்குப் பக்கத்தில் குள்ளன் என்ற பகுதியைக் கலியாண வீட்டில் சொல்லிவிடாதேயுங்கோ.

ஸ்காபரோ சித்தப்பா எழுதியது:

தம்பி விளக்கமாகத்தான் எழுதியிருக்கிறீர், படித்தேன். ஆனால் ஒன்று. 83 ஒளியாண்டுக்கு அப்பால், அவ்வளவு தூரம் தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டைச் "சோடி" என்று சொன்னதே சரியாகத்தானே வந்திருக்கிறது? தற்செயலாகப் பக்கத்தில் தெரியும் இரண்டு நட்சத்திரமாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

ஆடுமுக்காலி எழுதியது:

அது நல்ல கேள்வி. ஆம், தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் விண்ணில் போகின்றன. சப்தரிஷிகளில் நடுவில் உள்ள ஐந்து பேரும் ஒரே கூட்டமாகப் பிறந்து இன்னமும் சேர்ந்து போகிறார்கள். காம்பு நுனியில் நிற்கும் மரீசியும் மறு நுனியில் நிற்கும் கிரதுவும் மட்டும் வேறு வழி. வசிட்டரும் அருந்ததியும் ஒரே வளவுப் பிள்ளைகள் என்பது உறுதி. ஈர்ப்பால் கட்டுண்டு சுற்றுகிறார்களா என்பதில் வாதம் நடந்தது. 2009இல் குள்ளனைக் கண்டவர்களில் ஒரு குழு கணக்குப் பார்த்துக் கட்டுண்டிருப்பதாகவே சொன்னது.

ஆனால் பழைய ஆட்கள் சோடி என்று சொன்னது பக்கத்தில் தெரிந்ததால். அதற்குமேல் நாங்கள் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தி எழுதியது:

இடையில் ஒரு சொல். சங்கப் பாட்டில் அருந்ததி என்ற பெயரைவிட "வடமீன்" என்பதுதான் எனக்குப் பிடிக்கும். புறநானூற்றில் கபிலர் "வடமீன் புரையும் கற்பின்" என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் நெருக்கமாக, வடக்குப் பக்கம் விளங்கும் "சிறுமீன்" என்று வருகிறது. சிறுமீன்! பக்கத்தில் பெரிய மீன் இருக்க, இந்தச் சின்னதைத்தான் காட்டினார்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. சுற்றுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர்களுக்கு நாங்கள் ஏன் பார்க்காததையும் கட்டிவிடுகிறோம்? சித்தப்பா சடங்குக்குக் காரணம் தேடுகிறார், இந்தச் சொல்லே எனக்குப் போதும்.

மெல்பேர்ண் மருமகள் எழுதியது:

எனக்கு இங்கே மெல்பேர்ணில் கலியாணம் நடந்தது. எங்களுக்கும் ஐயர் கூரையைக் காட்டினார். இரவில் தேடிப் பார்க்கலாமா ரீச்சர்?

சுன்னாகம் ரீச்சர் எழுதியது:

பிள்ளை, தேடிப் பயனில்லை. மெல்பேர்ணில் அருந்ததி ஒருநாளும் உதிக்காது. உச்சத்தில்கூட வடக்குத் தொடுவானத்துக்கு இரண்டு மூன்று பாகை கீழேதான். சித்தப்பாவின் ரொறன்ரோவில் அது மறைவதேயில்லை, வருஷம் முழுக்க எந்த இரவிலும் நிற்கும். நாங்கள் நடுவில் இருக்கிறோம், பங்குனியில் முன்னிரவில் வடகிழக்கே ஏறத் தொடங்கும், ஆவணியில் வடமேற்கே சாயும், ஐப்பசி கார்த்திகையில் முன்னிரவில் கிடையாது, விடியப்புறம் எழும்பினால்தான்.

உங்களுக்கு வேறு ஒன்று இருக்கிறது. தெற்கே ஆல்பா சென்ரோறி, அதுவும் கூட்டுக்குடும்பம். கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கிக்கு இரண்டு, அவை ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 வருஷம், ஒரு மனித ஆயுள். மூன்றாவதான புரொக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 1915இல்தான் கண்டார்கள், சூரியனை விட்டால் எங்களுக்கு மிகக் கிட்டிய நட்சத்திரம் அதுவே, 4.24 ஒளியாண்டு. யாழ்ப்பாணத்திலும் வைகாசி இரவில் தெற்கே தாழ்வாகத் தெரியும். வடக்கே ஆறு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றால் தெற்கே மூன்று பேர்.

பனங்கூடல் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இதற்கிடையில் எங்கள் வீட்டில் வேறு ஒரு சிக்கல்.

அப்பம்மாவுக்கு 84 வயது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் எனக்கு வானம் காட்டியவர் அவர்தான். ஜாம் போத்தல் விளக்கை இரவுச் சாப்பாட்டோடு அணைத்துவிடுவோம், மண்ணெண்ணெய் விற்ற விலை அப்படி. முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் வானம் முழுக்க உப்புக் கொட்டினமாதிரி இருக்கும். அருந்ததியை நான் முதலில் பார்த்தது அந்தப் பாயில் கிடந்துதான். அவருடைய விரல் நுனிக்கு நேரே.

ஆனால் அப்பம்மா பத்து வருஷமாக வடக்கே நிமிர்ந்து பார்ப்பதில்லை. அருந்ததி கண்ணுக்குத் தெரியாமல் போனவருக்கு ஆறு மாதத்தில் சாவு என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, தெரிந்திருக்கும். கண்புரை வந்து பார்வை மங்கின நாளிலிருந்து அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பார்த்தால்தானே தெரியவில்லை என்று வரும்! போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது பத்திரிகையில் மரண அறிவித்தல் எல்லாம் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார். ஆனாலும் வானம் வேண்டாமாம்.

ஆடுமுக்காலி அண்ணை, சனிக்கிழமை தொலைநோக்கியோடு தொண்டைமானாற்றுக்கு வருவீர்களா?

தொண்டைமானாற்றான் எழுதியது:

வாருங்கள். கதிரை நாலு நான் கொண்டுவருகிறேன். முக்காலிக்கு மண்மூட்டையும்.

பனங்கூடல் எழுதியது:

போய்வந்தோம். விவரம் கேட்டு உள்பெட்டியில் ஏழு பேர் எழுதியிருப்பதால் இங்கேயே சொல்கிறேன்.

வளர்பிறை நிலவு மேற்கே இருந்தது, பெரிய இடைஞ்சல் இல்லை. 9 மணிக்கு அகப்பை ரீச்சர் சொன்னபடியே கவிழ்ந்து கிடந்தது. மருமகன் ஒரு நிமிஷத்தில் "ரெண்டு இருக்கு" என்றான். தங்கச்சிக்கும் தெரிந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. அவர் சும்மா ஆமாம் போட்டிருக்கலாம், நேர்மையாக "எனக்கு ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டார். கலியாணம் முடிந்து பத்து நாள், ஆறு மாதக் கதை எல்லாருக்கும் ஞாபகம் வந்து சத்தமில்லை. அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்த அப்பம்மா திரும்பி, "கண்ணாடியைத் துடையும் தம்பி, உப்புக்காத்து" என்றார். துடைத்தார். தெரிந்தது.

சொன்ன கையோடு அப்பம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே விரலை நீட்டி மருமகனுக்குக் காட்டத் தொடங்கினார். அந்த ஒளி புறப்பட்டபோது அப்பம்மா தவழ்ந்து திரிந்திருப்பார் என்று ஆடுமுக்காலி அண்ணை சொன்னார்.

பிறகு தொலைநோக்கி. மண்மூட்டை கட்டியும் முக்காலி ஆடத்தான் செய்தது. வசிட்டர் இரண்டாகப் பிரிந்தார், தள்ளி அருந்ததி. மருமகன் எண்ணி "நாலு" என்றான். அவன் எண்ணியது பிழையில்லை, இடையில் ஒரு மங்கல் புள்ளி உண்டு. 1722இல் ஜெர்மனியில் லீப்னெக்ட் என்பவர் அதைப் புதுக் கிரகம் என்று நம்பித் தன் நாட்டு ஆட்சியாளரின் பெயரை வைத்தாராம். உண்மையில் அது வெகு தூரத்துக்குப் பின்னால் நிற்கும் வேறு நட்சத்திரம், கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர் மாதிரி. ஆக அந்தத் தொலைநோக்கியில் தெரியும் குடும்பத்தார் மூன்று பேர்தான் என்று அண்ணை விளக்கினார், மிச்ச மூன்று பேரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அப்பம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மூண்டு பேர் தெரியினம். மற்ற மூண்டு பேரும் உள்ளுக்கை இருந்து என்ன செய்யினம்?"

ஸ்காபரோ சித்தப்பா எழுதியது:

சரி. எங்கள் குழுவில் நான் போட்ட அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் அப்பம்மாவின் கேள்வியைப் போட்டிருக்கிறேன்.